மூன்று ஓட்டம் பின்தங்கி, நான்கில் முடிந்த இரவு: 2001 கின்தெத்சு – ஓரிக்ஸ் ஆட்டம் குறித்த விவாதம்

பழைய ஸ்கோர்புத்தகம் (இழையைத் தொடங்கியவர்)

ஜப்பானியத் தொழில்முறை பேஸ்பாலில் கடைசி நேரத்தில் புரண்ட ஆட்டங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 2001 செப்டம்பர் 26 அன்று ஒசாகா டோமில் நடந்த ஆட்டம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. கின்தெத்சு பஃபலோஸ் அணி, ஓரிக்ஸ் புளூவேவ் அணியிடம் 2–5 எனப் பின்தங்கிய நிலையில் ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதியைத் தொடங்கியது. யோஷியோகா யூஜி ஒரு சிங்கிள் (மூலையில் உள்ள முதல் பேஸ் வரை ஓடும் அடி) அடித்தார். கவகுச்சி கென்ஷி ஒரு டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓடும் அடி) அடித்தார். மாற்று பேட்டராக வந்த மசுதா தைசுகே, அடிக்கத் தகாத நான்கு பந்துகள் வந்ததால், வாக் பெற்று முதல் பேஸுக்கு நடந்தார். இப்படி ஒருவரும் அவுட்டாகாமல் மூன்று பேஸ்களும் நிறைந்தபோது, கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) ஃபுருகுபோ கென்ஜியின் இடத்தில் கிதகாவா ஹிரோதோஷி மாற்று பேட்டராக அனுப்பப்பட்டார். ஓகுபோ மசனோபு எறிந்த நான்காவது பந்து இடது-நடுப்புறப் பார்வையாளர் பகுதியில் போய் விழுந்தது. 6–5 என ஆட்டம் முடிந்தது, அத்துடன் ஜப்பானின் இரு லீகுகளில் ஒன்றான பசிபிக் லீகின் பட்டமும் அந்த நொடியிலேயே உறுதியானது.

இதற்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர், சோழ மன்னர்களின் மெய்க்கீர்த்தியைப் போல அடைமொழிக்கு மேல் அடைமொழியாக நீள்கிறது: ‘தைதா, கியாகுதென், சயோனரா, மான்ருய், யூஷோ கெத்தெய் ஹோம் ரன்’. மாற்று பேட்டர் அடித்த, ஆட்டத்தைப் புரட்டிய, விடைகொடுத்த, பேஸ்கள் நிறைந்திருந்த, பட்டத்தை உறுதிசெய்த ஹோம் ரன் (பந்தைக் களத்துக்கு வெளியே அனுப்பும் அடி) என்று பொருள் கொள்ளலாம். சிலர் இதன் தலையில் ‘சில்லறை பாக்கி இல்லாத’ என்று இன்னொரு அடைமொழியையும் சூட்டுவார்கள்.

இந்த இழையில் நான் முன்வைக்க விரும்பும் கருத்து இதுதான். அந்த ஹோம் ரன்னைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. ஆனால் அதற்கு முன் வந்த மூவரைப் பற்றி, அதிலும் பந்தை அடிக்காமலே பேஸுக்குச் சென்ற மசுதாவைப் பற்றி, யாரும் பேசுவதில்லை. அவர் பெற்ற வாக் இல்லையென்றால் கிதகாவாவின் அடி ஆட்டத்தைச் சமன் மட்டுமே செய்திருக்கும். நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

---

கேள்விக்குறி

பேஸ்பால் எனக்குப் புதிது, பார்த்ததெல்லாம் கிரிக்கெட்தான். ‘சில்லறை பாக்கி இல்லாத’ என்பதை யாராவது விளக்க இயலுமா? கிரிக்கெட்டிலும் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்து வென்ற ஆட்டங்கள் உண்டல்லவா? இதில் அப்படி என்ன தனிச்சிறப்பு என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

---

வடக்குவாசல்

கேள்விக்குறி அவர்களுக்கு: பேஸ்பாலில் சொந்த மைதானத்து அணி எப்போதும் இரண்டாவதாகவே ஆடும். ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதியில் அது முன்னிலை பெற்ற கணத்திலேயே ஆட்டம் முடிந்துவிடும். எதிரணிக்கு மறுவாய்ப்பே கிடையாது. ஆகையால்தான் அத்தகைய அடியைச் ‘சயோனரா’ என்கிறார்கள். பேஸ்கள் நிறைந்திருக்கும்போது அடிக்கும் ஹோம் ரன் நான்கு ஓட்டம் தரும், ஒரே அடியில் அதற்கு மேல் பெற வழியே இல்லை. மூன்று ஓட்டம் பின்தங்கியிருக்கும் அணி வெல்வதற்குத் தேவைப்படுவதும் சரியாக நான்கு. கடைக்காரர் மீதி தரத் தேவையில்லாதபடி எண்ணி வைத்த பணம் போல, தேவையும் வரவும் ஒரு ஓட்டம்கூடக் கூடாமலும் குறையாமலும் பொருந்திவிடுகின்றன. சில்லறை என்பது அதைத்தான் குறிக்கிறது.

கிரிக்கெட்டின் கடைசிப் பந்துச் சிக்ஸரோடு ஒப்பிடுவதில் தவறில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். கிரிக்கெட்டில் அந்தச் சிக்ஸரை அடிப்பவர் பெரும்பாலும் சிறிது நேரமாவது களத்தில் நின்று பந்தின் வேகத்தையும் ஆடுகளத்தின் தன்மையையும் உணர்ந்தவராக இருப்பார். மாற்று பேட்டரோ இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகப் பெஞ்சில் அமர்ந்திருந்துவிட்டு, அன்றைய முதல் பந்தை அப்போதுதான் எதிர்கொள்கிறார்.

---

நேர்க்கோடு

இழையைத் தொடங்கியவரோடு சற்று மாறுபட வேண்டியிருக்கிறது. அன்று காலையிலேயே கின்தெத்சுவின் ‘மேஜிக் எண்’ ஒன்றாகத்தான் இருந்தது. இன்னும் ஒரே வெற்றி போதும், அதற்கு ஆட்டங்களும் மிச்சமிருந்தன. அன்று தோற்றிருந்தாலும் பெரும்பாலும் சில நாட்களில் பட்டம் கைக்கு வந்திருக்கும். எனவே ‘பட்டத்தை உறுதிசெய்த’ என்ற அடைமொழி உண்மையென்றாலும், வாழ்வா சாவா என்ற நெருக்கடி அந்த இரவில் இருந்ததாகச் சொல்வது மிகை.

இரண்டாவதாக, ஒருவரும் அவுட்டாகாமல் பேஸ்கள் மூன்றும் நிறைந்திருக்கும்போது பந்தெறிபவரின் நிலைதான் இக்கட்டானது. பேட்டரின் நிலை அல்ல. அடுத்து வரவிருந்தது பேட்டிங் வரிசையின் தலைப்பகுதி. அதில் அவ்வாண்டு 55 ஹோம் ரன்களோடு ஓ சதஹாருவின் 1964ஆம் ஆண்டுச் சாதனையைச் சமன் செய்த டஃபி ரோட்ஸும், 46 ஹோம் ரன்கள் அடித்த நகமுரா நோரிஹிரோவும் இருந்தார்கள். இருவரும் சேர்ந்து 101. அத்தகையோர் பின்னால் காத்திருக்கும்போது ஓகுபோ இன்னொரு வாக் கொடுக்கத் துணிவாரா? ஸ்ட்ரைக் (அடிக்கத்தக்க இடத்தில் வரும் பந்து) எறிந்தே தீர வேண்டிய பந்துவீச்சாளரை எதிர்கொள்வது எந்த பேட்டருக்கும் நல்வாய்ப்புதான்.

---

பழைய ஸ்கோர்புத்தகம்

நேர்க்கோடு அவர்கள் கூறிய இரண்டாவது கருத்து உண்மையில் என் தரப்புக்கே வலுச் சேர்க்கிறது. ஓகுபோவை அந்த இக்கட்டில் நிறுத்தியது முன்னால் வந்த மூவர் அல்லவா?

ஆனால் ஒரு திருத்தம். கிதகாவா இரண்டு ஸ்ட்ரைக்குகளுக்குப் பிறகுதான் அந்தப் பந்தை அடித்தார். அந்த நிலையில் பந்தெறிபவர் ஸ்ட்ரைக் எறிந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பேட்டரை ஏமாற்றி வெளியே ஒரு பந்தை வீசிப் பார்க்கலாம். எறிந்தது ஸ்லைடர் (பக்கவாட்டில் வளையும் பந்து), நினைத்த இடத்துக்குப் போகாமல் அடிக்க வசதியான இடத்தில் வந்து நின்றுவிட்டது.

---

டோம்மாயே

ஒசாகாவில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். 2001இல் நான் இங்கு இல்லை. ஆனால் இந்த ஊரின் பழைய ரசிகர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றின் அடிப்படையில் நேர்க்கோடு அவர்களுக்கு ஒரு மறுப்புச் சொல்ல வேண்டும்.

‘ஒருவரும் அவுட்டாகாத நிறைபேஸ்’ என்பது மற்ற அணிகளின் ரசிகர்களுக்கு வேண்டுமானால் நல்வாய்ப்பாக இருக்கலாம். கின்தெத்சு ரசிகர்களுக்கு அது பழைய காயம். 1979 நவம்பர் 4 அன்று, ஒசாகா ஸ்டேடியத்தில், ஹிரோஷிமா கார்ப் அணிக்கு எதிரான ஜப்பான் சீரிஸின் (இரு லீகுகளின் வெற்றியாளர்களும் மோதும் தொடர்) ஏழாவது ஆட்டம். கின்தெத்சு 3–4 எனப் பின்தங்கியிருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதியில், இதே போல ஒருவரும் அவுட்டாகாமல், மூன்று பேஸ்களும் நிறைந்தன. ஒரு ஓட்டம் வந்தால் சமன், இரண்டு வந்தால் அணியின் வரலாற்றிலேயே முதல் ஜப்பான் பட்டம். எனத்சு யுதகா என்ற இடக்கைப் பந்துவீச்சாளர் அந்த இன்னிங்ஸில் 21 பந்துகள் எறிந்தார். மாற்று பேட்டர் சசாகி கியோசுகே ஸ்ட்ரைக் அவுட்டானார். அடுத்து இஷிவதா ஷிகேரு பந்தை மெல்லத் தட்டிவிட முயன்றபோது, எனத்சு கடைசி நொடியில் அதை உணர்ந்து வளைவுப் பந்தை மேலும் வெளியே எறிய, மட்டையில் படாமல் போன பந்தால் மூன்றாவது பேஸிலிருந்து ஓடிவந்தவர் அவுட்டானார். பிறகு இஷிவதாவும் ஸ்ட்ரைக் அவுட். ஓட்டம் ஒன்றுகூட வரவில்லை.

அந்த 1979 அணியில் கேட்சராக இருந்தவர் நஷிதா மசதகா. 2001இல் கிதகாவாவை அனுப்பிய மேனேஜரும் அவரே. பேஸ்கள் நிறைந்திருப்பதைக் கண்டு ‘இனி வெற்றி நமதே’ என்று அவர் நினைத்திருப்பார் என எனக்குத் தோன்றவில்லை.

---

நேர்க்கோடு

டோம்மாயே அவர்களே, 1979ஆம் ஆண்டு ஆட்டத்தை நான் கணக்கில் கொள்ளவில்லை. ரசிகர்களின் மனநிலையைப் பொறுத்தவரை உங்கள் மறுப்பை ஏற்கிறேன். ஆனால் பந்துக்கு நினைவு கிடையாது என்பதையும் பதிவு செய்கிறேன். 22 ஆண்டுகளுக்கு முந்தைய தோல்வி ஓகுபோவின் ஸ்லைடரை எப்படி மாற்றியிருக்க முடியும்?

---

டோம்மாயே

பந்துக்கு நினைவு இல்லை. ஆனால் யாரை அனுப்புவது என்று முடிவெடுப்பவருக்கு உண்டு. நஷிதாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும்.

1988 அக்டோபர் 19, கவாசாகி மைதானம். லொத்தே அணிக்கு எதிராக ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். இரண்டையும் வென்றால் மட்டுமே கின்தெத்சுவுக்குப் பட்டம், ஒன்று சமனில் முடிந்தாலும் பட்டம் செய்பு அணிக்குப் போய்விடும். முதல் ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ், 3–3, இரண்டு பேர் அவுட். அன்றைய விதிப்படி இரட்டை ஆட்டத்தின் முதல் ஆட்டத்துக்குக் கூடுதல் இன்னிங்ஸ் கிடையாது. அந்தத் தருணத்தில், அவ்வாண்டோடு ஓய்வு பெறவிருந்த நஷிதா மாற்று பேட்டராக வந்து நடுக்களத்துக்கு ஒரு சிங்கிள் அடித்தார். இரண்டாவது பேஸிலிருந்து சுசுகி தகஹிசா ஓடிவந்து சறுக்கி விழுந்து ஓட்டத்தைச் சேர்த்தார். பயிற்சியாளர் நகனிஷி ஃபுதோஷி ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு இருவரும் தரையில் புரண்ட காட்சி இன்றும் தொலைக்காட்சியில் காட்டப்படுகிறது. இரண்டாவது ஆட்டம் பத்து இன்னிங்ஸ் ஆடி, நான்கு மணி நேர வரம்பினால் 4–4 எனச் சமனில் முடிந்து பட்டம் கைநழுவியது வேறு கதை.

அன்று நஷிதாவை மாற்று பேட்டராக அனுப்பிய கின்தெத்சு மேனேஜர் ஓகி அகிரா. 2001 செப்டம்பர் 26 அன்று எதிரணியான ஓரிக்ஸின் பெஞ்சில் மேனேஜராக அமர்ந்திருந்தவரும் அதே ஓகி அகிராதான்.

---

கேள்விக்குறி

அப்படியானால் தன்னை ஒரு காலத்தில் அனுப்பியவரின் கண்முன்னேயே நஷிதா இன்னொரு கேட்சரை அனுப்பியிருக்கிறார் என்று சொல்லலாமா? கிதகாவாவும் கேட்சர்தானே?

---

வடக்குவாசல்

ஆம், கிதகாவாவும் கேட்சராகத் தொடங்கியவர்தான். ஹன்ஷின் டைகர்ஸ் அணியில் ஆறு ஆண்டுகள் இருந்து, முதல்நிலை ஆட்டங்களில் ஒரு ஹோம் ரன்கூட அடிக்காமல், 2001ஆம் ஆண்டுப் பருவத்துக்கு முன் கின்தெத்சுவுக்கு மாற்றப்பட்டார். இந்த விவரத்தை வைத்துத்தான் பலர் இந்தக் கதையைத் தேவதைக் கதையாக்கிவிடுகிறார்கள். ஆனால் அவர் அன்று திடீரென முளைத்தவர் அல்ல. அந்தப் பருவம் முழுவதும் கின்தெத்சுவின் மாற்று பேட்டராக நம்பிக்கையை ஈட்டி வந்தவர் என்பதால்தான் அந்த நேரத்தில் அவரது பெயர் நஷிதாவின் நாவில் வந்தது. கேட்சரை எடுத்துவிட்டு இன்னொரு கேட்சரை அனுப்புவதில் ஒரு நடைமுறை வசதியும் உண்டு: ஆட்டம் சமனாகி நீண்டால், பேட் பிடித்தவரே கவசத்தை அணிந்துகொள்ளலாம்.

---

தூறல்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஓகி பற்றிய பேச்சு வந்ததால் ஒரு கேள்வி: மசுதாவுக்கு வாக் கொடுத்தவுடன் ஓகி ஏன் பந்துவீச்சாளரை மாற்றவில்லை? ஒரு சிங்கிள், ஒரு டபுள், ஒரு வாக் என மூன்று பேட்டர்களிடமும் அடுத்தடுத்துத் தடுமாறிய புதுமுகத்தை அங்கேயே நிற்கவைத்தது, ஓகி போன்ற துணிச்சலான மேனேஜருக்குப் பொருந்தாத செயலாக எனக்குப் படுகிறது.

---

நேர்க்கோடு

புதுமுகம் என்பது உண்மைதான். ஆனால் அவ்வாண்டு பசிபிக் லீகின் சிறந்த புதுமுக விருதையே பெற்றவர் அவர். கடைசி இன்னிங்ஸை முடித்துக் கொடுக்க ஓரிக்ஸ் நம்பியிருந்ததும் அவரையே. முடிப்பவரை எடுத்துவிட்டால் அவருக்குப் பின் யார் என்ற கேள்விக்கு ஓரிக்ஸிடம் சிறந்த விடை இருந்திருக்காது. அதோடு மூன்று ஓட்ட முன்னிலை இருந்தது. ஒரு இரட்டை அவுட் கிடைத்தால் ஓட்டம் ஒன்று போனாலும் ஆட்டம் கையில் நிற்கும். நானாக இருந்தாலும் மாற்றியிருக்க மாட்டேன்.

---

தூறல்

மேனேஜராக இருந்திருந்தால் நானும் மாற்றியிருக்க மாட்டேன் என்றே இப்போது தோன்றுகிறது. ஆனால் ரசிகனாக அந்தக் கேள்வியை விட மனமில்லை.

---

பழைய ஸ்கோர்புத்தகம்

விவாதம் நான் எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் போய்விட்டது, மகிழ்ச்சி. என் தொடக்கக் கருத்தை ஓரளவு திருத்திக்கொள்கிறேன். மசுதாவின் வாக் முதன்மையானது என்பதில் மாற்றமில்லை. ஆனால் அந்த இன்னிங்ஸை மட்டும் தனியே வெட்டி எடுத்துப் பார்த்தது என் பிழை.

2001 கின்தெத்சுவின் இயல்பே அதுதான். 1999, 2000 ஆகிய இரு ஆண்டுகளிலும் கடைசி இடத்தில் முடித்த அணி அது. பட்டம் வென்ற ஆண்டிலும் பந்துவீச்சில் லீகிலேயே அதுதான் கடைசி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 4.98 ஓட்டங்கள் கொடுத்தது. பந்துவீச்சில் கடைசியாக நின்றுகொண்டு ஓர் அணி பட்டம் வெல்வது விந்தை. ஐந்து ஓட்டம் கொடுத்தால் ஆறு அடிப்பது, ஏழு கொடுத்தால் எட்டு அடிப்பது என்பதே அவர்களின் வழி. அந்த பேட்டிங் வரிசைக்கு ஒசாகா வட்டார மொழியில் ‘இதேமாயே’ என்று பெயர். ‘அடிச்சுத் தள்ளுடா’ என்று நம்மூர்ப் பேச்சில் சொல்லலாம். 6–5 என்பது அன்றைய அதிசயம் மட்டுமல்ல, அந்த ஆண்டு முழுவதன் சராசரிக் கணக்கும் ஏறத்தாழ அதுவே.

இரண்டு நாட்களுக்கு முன், செப்டம்பர் 24 அன்று, இதே டோமில், செய்பு அணியின் மட்சுசகா தைசுகேவிடம் ரோட்ஸ் தம் 55ஆவது ஹோம் ரன்னை அடித்ததும், அதே ஆட்டத்தை அதே மட்சுசகாவிடமே நகமுரா ஒரு சயோனரா ஹோம் ரன்னால் முடித்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்த வெற்றிதான் மேஜிக் எண்ணை ஒன்றாக்கியது. எனவே 26ஆம் தேதி ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கியபோது, 2–5 என்ற பலகையைப் பார்த்தபடியே யாரும் எழுந்து வீட்டுக்குப் போகாமல் இருந்ததற்குக் காரணம் வெறும் நம்பிக்கை அல்ல, இரண்டு நாள் பழக்கம்.

---

வடக்குவாசல்

புள்ளிவிவர ஆர்வலர்களுக்கு ஒரு சிறு துணுக்கு. மாற்று பேட்டர் ஒருவர் சில்லறை பாக்கியின்றி நிறைபேஸ் சயோனரா ஹோம் ரன்னால் ஆட்டத்தைப் புரட்டிய முதல் நிகழ்வு 1956இல் நடந்தது. யோமியுரி ஜயண்ட்ஸின் ஹிகாசா கசுவோ, சுனிச்சியின் புகழ்பெற்ற பந்துவீச்சாளர் சுகிஷிதா ஷிகேருவிடம் அடித்தார். இத்தகையது பல்லாண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வது. அப்படியிருக்க, கிதகாவா அடித்து நான்கே நாள் கழித்து, செப்டம்பர் 30 அன்று, கோபே கிரீன் ஸ்டேடியத்தில் லொத்தே அணிக்கு எதிராக இன்னொருவர் அதே அடியை அடித்தார், அதுவும் இரண்டு பேர் அவுட்டான பிறகு. அவர் ஃபுஜீ யசுவோ. அவருடைய அணி, நம்ப மாட்டீர்கள், ஓரிக்ஸ்.

---

தூறல்

நான்கு நாளில் வட்டியோடு வாங்கிவிட்டார் ஓகி! ஆனால் கொடுத்தது என்னவோ லொத்தே.

---

கேள்விக்குறி

இவ்வளவு பேசிய பின் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்த ஆண்டு ஜப்பான் சீரிஸில் கின்தெத்சு வென்றதா?

---

டோம்மாயே

இல்லை. யாகுல்ட் ஸ்வாலோஸ் அணியிடம் 1–4 எனத் தோற்றது. பருவம் முழுவதும் ஆர்ப்பரித்த மட்டைகளை யாகுல்ட்டின் கேட்சர் ஃபுருதா அட்சுயா கணக்கிட்டு அடக்கினார். சீரிஸின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. 1989இல் முதல் மூன்று ஆட்டங்களை வென்றுவிட்டு அடுத்த நான்கையும் ஜயண்ட்ஸிடம் இழந்த அணி இது. 2004ஆம் ஆண்டுப் பருவத்தோடு கின்தெத்சு ஓரிக்ஸுடன் இணைக்கப்பட்டது. அந்த இணைப்பை எதிர்த்து ஆட்டக்காரர்கள் அவ்வாண்டு செப்டம்பர் 18, 19 தேதிகளில் நடத்தியதுதான் ஜப்பானியத் தொழில்முறை பேஸ்பாலின் முதல் வேலைநிறுத்தம். அன்று ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக நின்று போராடியவர், 2001இல் கின்தெத்சுவைத் தோற்கடித்த அதே ஃபுருதா. ஜப்பான் சீரிஸை ஒருமுறைகூட வெல்லாமலே கின்தெத்சுவின் கதை முடிந்தது.

டோம் மட்டும் அங்கேயே இருக்கிறது. பெயர்தான் கியோசெரா டோம் என்று மாறிவிட்டது. அங்கே இப்போது ஆடுவது ஓரிக்ஸ் பஃபலோஸ், அன்று வென்றவரின் பெயரும் தோற்றவரின் பெயரும் ஒரே சட்டையில்.

---

நேர்க்கோடு

இணைப்புக்குப் பிறகு கிதகாவா எங்கே சென்றார்?

---

பழைய ஸ்கோர்புத்தகம்

ஓரிக்ஸ் பஃபலோஸுக்குத்தான். ஓகுபோவும் அங்கேயே இருந்தார். 2005இல் அந்தப் புதிய அணியின் முதல் மேனேஜராக அழைக்கப்பட்டவர் ஓகி அகிரா. அந்தப் பருவத்தை முடித்துவிட்டு, அவ்வாண்டு டிசம்பரில் காலமானார். அதாவது அந்த ஒரே ஆண்டில், ஓகி பெஞ்சில் இருக்க, ஓகுபோ ஆட்டத்தை முடிக்க வந்து நிற்க, கேட்சர் கவசத்தை விட்டுவிட்டிருந்த கிதகாவா முதல் பேஸில் காவல் நின்ற ஒன்பதாவது இன்னிங்ஸ்கள் நடந்திருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டு ஆட்டங்களின் ஸ்கோர்ஷீட்டுகள் யாரிடமாவது இருந்தால் இங்கே தெரிவிக்க வேண்டுகிறேன். அப்படியொரு இன்னிங்ஸில் யாராவது தரையோடு அடித்த பந்தை எடுத்து, ஓகுபோ முதல் பேஸுக்கு எறிந்து, கிதகாவா அதைப் பிடித்து ஆட்டம் முடிந்திருக்கிறதா என்று பார்க்க ஆசை.